இரு பெயர் கொண்ட ஒரு மலை

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்வோர்க்குக் கிருஷ்ணகிரி நகரை அடையும் முன்னரே அதன் மலை காட்சி தரும். மரம் செறிந்த மலையன்று அது. வெயிலில் காய்ந்து கறுத்த பெரும்பாறைகளால் ஆகியது. சரிவுகளில் கோட்டை மதில்கள் ஏறி இறங்குகின்றன. மேலே சையத் பாஷா என்னும் இறைநேசரின் தர்கா அமைந்துள்ளது. அடிவாரத்தில் பழையபேட்டை பரந்து கிடக்கிறது. நூல்களும் அரசு ஆவணங்களும் இதனைக் கிருஷ்ணகிரி மலை என்றும் கிருஷ்ணகிரிக் கோட்டை என்றும் குறிக்கின்றன. மக்கள் வழக்கிலோ இது சையத் பாஷா மலை. கோட்டையைக் காணச் செல்வோரும் தர்காவுக்கு நேர்ச்சை கொண்டு செல்வோரும் ஒரே பாறை வழியில்தான் ஏறுகின்றனர்.

ஒரு மலைக்கு இரண்டு பெயர் வழங்குவது சிலருக்கு நெருடலாக இருக்கிறது. “இவற்றுள் எது உண்மைப் பெயர்?” என்று மாணவர்கள் என்னிடம் பலமுறை வினவியுள்ளனர். இவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது எளிது; ஆயின் அவ்விடை பிழைபட்டதாகும். வரலாறு ஒரு பெயரைத் தந்தது. வழிபாடு மற்றொன்றைத் தந்தது. இரண்டும் மக்கள் நாவில் வாழ்கின்றன. ஒன்றை நிலைநாட்டுவதற்கு மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. இவ்விரு பெயர்களுக்குப் பின்னே நிற்கும் வரலாற்றையும் வழிவழிக் கதைகளையும் பிரித்தறிந்து, இரண்டையும் பேணிக் காப்பதே கற்றோர் கடன் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயர்க் காரணங்கள்

கிருஷ்ணகிரி என்னும் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்கி வருகின்றன. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் (1509–1529) பெயரால் இம்மலை அமைந்தது என்பது ஒன்று. வடமொழியில் ‘கிருஷ்ண’ என்பதற்குக் கருமை என்பது பொருளாதலின், கரிய மலை என்னும் பொருளில் இப்பெயர் வந்தது என்பது மற்றொன்று. முதலாவது ஓர் அரசனை நினைவூட்டுகிறது. இரண்டாவது பாறையின் நிறத்தையே சான்றாகக் காட்டுகிறது. பாறையின் நிறத்தை இன்றும் எவரும் கண்ணால் காணலாம். அதனால் மட்டும் அரசனைப் பற்றிய வழக்கை ஒதுக்கிவிட முடியாது. விசயநகர ஆட்சியின் நினைவு இப்பகுதி மக்களிடம் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை அவ்வழக்கு உணர்த்துகிறது.

பெயர் முன்னே தோன்றிப் பின்னர் அதற்குக் கதை அமைவது உலகெங்கும் காணப்படும் இயல்பு. நம் மாவட்டத்தின் மற்றொரு புகழ்பெற்ற மலையான ஓசூர் மலையையே எடுத்துக்கொள்வோம். அங்குச் சந்திரசூடேசுவரர் கோயில் கொண்டுள்ளார். இறைவன் மரகத ஒளி வீசும் உடும்பின் வடிவெடுத்து முன்னே செல்ல, அம்மை அதனைத் தொடர்ந்து இம்மலையை அடைந்தாள் என்பது தலபுராணச் செய்தி. அம்மையின் பெயர் மரகதாம்பிகை. ஓசூரின் பழம்பெயர் செவிடபாடி என்பதாகும். பாறை இடுக்குகளில் உடும்பு வாழும் நிலம் இது என்பதை அறிந்தவர்க்கு, அக்கதை இம்மண்ணில் வேர்கொண்டது என்பது விளங்கும். கடற்கரை ஊரொன்றில் இக்கதை பிறந்திருக்க இயலாது.

‘பாராமகால்’ என்னும் பெயரும் இவ்வாறே எண்ணத்தக்கது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய நிலப்பரப்பு முற்காலத்தில் இப்பெயரால் வழங்கியது. ‘பாரா’ என்பது இந்துஸ்தானியில் பன்னிரண்டைக் குறிக்கும்; ‘மகால்’ என்பது அரபு மூலத்திலிருந்து வந்த சொல். பன்னிரு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று இதற்குப் பொருள் கூறுவர். அப்பன்னிரண்டு கோட்டைகள் எவை என்று பார்க்கப் புகுந்தால் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு காணப்படும். கிருஷ்ணகிரியும் ஜெகதேவியும் அவற்றுள் பெயர் பெற்றவை. எண்ணிக்கை கதையின் அழகுக்காக நின்றதோ, ஆட்சிப் பிரிவுக்காக நின்றதோ, அது தனி ஆய்வுக்குரியது. ஒன்று மட்டும் தெளிவு. வடமொழிப் பெயர் கொண்ட கிருஷ்ணகிரி, அரபும் இந்துஸ்தானியும் கலந்த பெயர் கொண்ட பாராமகாலுள் அடங்கிற்று. அங்கு வாழ்ந்த மக்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசினர், இன்றும் பேசுகின்றனர். இம்மலையின் பெயர்ப் பன்மைக்கு இப்பன்மொழிச் சூழலே அடிப்படை எனலாம்.

கல்லும் ஏடும் கூறும் வரலாறு

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், விசயநகர அரசு பெனுகொண்டாவிலிருந்து ஆண்ட காலத்தில், ஜெகதேவராயர் பாராமகாலின் தலைவரானார். பின்னர் இந்நிலம் பீஜப்பூர், மைசூர் முதலிய அரசுகளின் கைகளுக்கு மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐதர் அலியின் ஆட்சிக்கு உட்பட்டது. கீழ்நாட்டிலிருந்து மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் கணவாய் வழிகளுக்கு அருகே நின்றமையால் இம்மலைக்குப் படைநோக்கில் பெருமதிப்பு உண்டாயிற்று. 1767ஆம் ஆண்டு முதல் மைசூர்ப் போரில் கர்னல் ஸ்மித்தின் தலைமையில் வந்த ஆங்கிலப்படை கிருஷ்ணகிரியைத் தாக்கியும் அப்போது அதனைப் பிடிக்க இயலவில்லை.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கர்னல் மாக்ஸ்வெல் ஓரிரவில் இம்மலையைத் தாக்கினார். பேட்டையும் கீழ்க்கோட்டையும் வீழ்ந்தன. மேற்கோட்டை மட்டும் வீழவில்லை. மேலிருந்தோர் பெரும்பாறைகளை உருட்டிவிட்டு ஏறி வந்தோரைத் தடுத்தனர். கோட்டையைக் காக்க மலை தன் கற்களையே தந்தது. அதே ஆண்டில் இராயக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கிருஷ்ணகிரியின் மேற்கோட்டையோ திப்பு சுல்தானின் வீரர்களிடமே நின்றது. 1792ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படியே பாராமகால் கும்பினியாரிடம் சென்றது. ஓசூர்ப் பகுதி திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1799இல் அவர்கள் கைக்கு வந்தது.

இப்போரைச் சமயப் போராகச் சித்திரிக்க முனைவோர் உளர். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. திப்புவை எதிர்த்து ஆங்கிலேயரோடு கூட்டுச் சேர்ந்தோர் மராட்டியரும் ஐதராபாத் நிசாமும் ஆவர். நிசாம் ஒரு முஸ்லிம் மன்னர். மைசூர்ப் படையில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே பணியாற்றினர். கும்பினிப் படையிலும் இந்நாட்டுச் சிப்பாய்களே மிகுதியாக இருந்தனர். மலையின் மேலும் கீழும் நின்று போரிட்டவர்கள் அரசியல் காரணங்களுக்காகப் பிரிந்து நின்றவர்கள். வழிபாட்டுக்காகப் பிரிந்தவர்கள் அல்லர்.

போருக்குப் பின் இப்பகுதியை ஆள வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணைவராக இருந்த தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை பாராமகாலில் நிலங்களை அளந்து, பயிரிடுவோரிடம் நேரடியாகத் தீர்வை பெறும் முறையை உருவாக்கினர். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறைக்கு இந்நிலமே தொடக்கக்களம். நம் உழவர் இல்லங்களில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் பட்டாவின் வரலாற்றில் ஒரு பக்கம் இம்மலைநாட்டில் எழுதப்பட்டது என்பதை மாணவர் அறிதல் நன்று. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலம் 1965இல் தருமபுரி மாவட்டமாகப் பிரிந்தது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று.

கதையின் பணி

வரலாற்றுக்குச் சான்று வேண்டும், ஆண்டு வேண்டும். கதைக்கு அவை தேவையில்லை. ‘நடந்தது என்ன’ என்பதை வரலாறு ஆராய்கிறது. ‘அந்த இடம் மக்களுக்கு என்ன பொருள் தந்தது’ என்பதைக் கதை காட்டுகிறது. இவ்வேறுபாட்டை மறந்து, கதையை வரலாறாகக் கொண்டு உரிமை பேசுவோரும், வரலாறு அன்று என்பதற்காகக் கதையைக் குப்பையில் எறிவோரும் ஒரே பிழையைத்தான் இருபுறமிருந்து செய்கின்றனர்.

இலங்கையில் 2243 மீட்டர் உயரமுள்ள மலை ஒன்று உண்டு. அதன் உச்சியில் பாதச்சுவடு போன்ற பள்ளம் காணப்படுகிறது. பௌத்தர் அதனைப் புத்தரின் திருவடி என்று போற்றி மலையை ஸ்ரீபாத என்பர். சைவர் சிவபெருமானின் அடியெனக் கொண்டு சிவனொளிபாத மலை என்பர். முஸ்லிம்கள் ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களின் சுவடெனக் கருதிப் பாவா ஆதம் மலை என்பர். 1344ஆம் ஆண்டில் அம்மலையில் ஏறிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஏறுவோர் பற்றிக்கொள்வதற்காகப் பாறையில் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார். சங்கிலியைப் பற்றிய கைகளுக்குரியோர் யாவரும் ஒரே சமயத்தவர் அல்லர். ஆயினும் அனைவரையும் தாங்கியது அச்சங்கிலியே.

கதைகளுக்குள் வரலாறு உறங்குவதும் உண்டு. நம் பக்கத்துத் தருமபுரியே பழந்தமிழ் இலக்கியம் கூறும் தகடூர். குதிரைமலைத் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனை வெறும் புலவர் புனைவு என்று கருதினோரும் இருந்தனர். 1981ஆம் ஆண்டில் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அக்கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைப் பெயர் சுட்டிக் கூறுவதோடு, அசோகரின் கல்வெட்டுகளில் வரும் ‘சத்தியபுத்திரர்’ என்னும் சிறப்பையும் அவனுக்குத் தருகிறது. நெல்லிக்கனியைக் கல்வெட்டு மெய்ப்பிக்கவில்லை. கனி ஈந்தவன் வாழ்ந்தான் என்பதை மெய்ப்பித்தது. கதைக்கும் கல்லுக்கும் உள்ள உறவு இத்தகையதே. பாடல்களைக் காத்து வைத்த முன்னோர் இல்லையெனில் அக்கல்லில் உள்ள பெயர் யாருடையது என்று நமக்கு விளங்கியிராது.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும் இடத்தில், மலைமீது மழை பொழிந்து ஆறாகப் பெருகி மருத நிலம் செழிப்பதாகப் பாடினார். அரபு மண்ணின் புவியியல் அறிந்தவர் இதனைப் பிழை என்பர். புலவரோ தம் மக்கள் நெஞ்சில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பதிக்கத் தமிழ் நிலத்தின் மலையையும் ஆற்றையும் கொண்டு சென்றார். ஹிரா மலையைக் கண்டறியாத தமிழ் முஸ்லிம், தன் ஊர்க் குன்றைக் கொண்டே அதனை எண்ணிப் பார்த்தான்.

எழும் மறுப்புகள்

இக்கருத்துக்குச் சமுதாயப் பெரியோர் சிலர் மறுப்புக் கூறக்கூடும். தர்காக்களைச் சூழ்ந்த கதைகள் மார்க்கத்திற்கு ஆதாரம் ஆகா. அவற்றைப் போற்றினால் இளைஞர் தடுமாறுவர் என்பது அவர்கள் கவலை. அக்கவலை மதிக்கத்தக்கது. எது மார்க்கம், எது அன்று என்பதை உலமாப் பெருமக்களே விளக்க வேண்டும். தமிழ்த்துறை அவ்விடத்தில் நின்று பேசாது. ஒரு கதையைப் பதிவு செய்வது வேறு; அதனை நம்புமாறு வற்புறுத்துவது வேறு. காப்பியங்களில் வரும் தெய்வங்களை நம்பாமலே அவற்றைப் பாடமாகக் கற்பிக்கிறோம் அன்றோ? வாய்மொழிக் கதைக்கும் அந்நெறியே பொருந்தும்.

மாணவரிடமிருந்து வரும் மறுப்பு வேறு வகையானது. ஓசூரில் 1970களில் தொழிற்பேட்டை அமைந்தது. அதன் பின்னர் வாகன ஆலைகளும் கடிகார ஆலையும் வந்தன. அண்மை ஆண்டுகளில் மின்னணு ஆலைகளும் மின்வாகன ஆலைகளும் மாவட்டத்தில் எழுந்துள்ளன. “வேலைக்குப் பயன்படாத மலைக்கதை எமக்கெதற்கு?” என்று அவர்கள் வினவுகின்றனர். வேலை வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆயினும், பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறும் ஊர் இது. வந்தவர், “இது என்ன மலை?” என்று கேட்டால் மண்ணின் மைந்தர் விடை கூற வேண்டும். விடை கூறத் தெரியாதவன் தன் ஊரிலேயே விருந்தினன் ஆகிவிடுவான். அவனுக்குப் பதிலாக விடை கூறப் பிறர் வருவர். தமக்கு வேண்டிய விடையைக் கூறுவர்.

இது வெறும் அச்சமன்று. திருப்பரங்குன்றத்தின் பெயரையும் உரிமையையும் முன்வைத்து 2025ஆம் ஆண்டில் எழுந்த பூசல் நாடறிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கும் தர்காவுக்கும் மக்கள் ஏறிவந்த குன்று அது. அவ்வழக்கின் சட்ட நுணுக்கங்களை நீதிமன்றங்கள் ஆராயும். அவை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு மலையின் வரலாறும் கதையும் அமைதியான காலத்தில் பொறுமையாக எழுதி வைக்கப்படவில்லையெனில், ஆரவாரமான காலத்தில் அவசரமாக எழுதப்படும். அவசரத்தில் எழுதப்படுவதில் பாதி பகையாகவே இருக்கும். கிருஷ்ணகிரி மலையின் இரு பெயர்களையும் மக்கள் இயல்பாக வழங்கும் இக்காலமே அவற்றைப் பதிவு செய்தற்குரிய காலம்.

அழியும் கற்கள்

மற்றோர் இடரும் உண்டு. நம் மாவட்டத்தின் கருங்கல் வெளிநாடுகளுக்கும் செல்லும் தரமுடையது. கல் வெட்டுவதும் மெருகேற்றுவதும் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. அப்பிழைப்பை எவரும் குறை கூற இயலாது. ஆனால் எந்தக் கல் வெறுங்கல், எந்தக் கல் சான்று என்பதை அறிந்து வெட்ட வேண்டும். பர்கூர்ப் பகுதியில் மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் உள்ளன. மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் குன்றின்மேல் நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதை 2022ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஊர்தோறும் நடுகற்கள் வயல் வரப்பிலும் புதர் மறைவிலும் நிற்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு உட்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் சட்டத்தில் உள்ளன. பட்டியலில் இடம்பெறாத குன்றுகளுக்கும் நடுகற்களுக்கும் அக்காப்பு இல்லை. அவற்றிற்குரிய காப்பு, ஊராரின் அறிவு ஒன்றே. “இது வீரன் கல்; இதற்கொரு கதை உண்டு” என்று சொல்ல ஒரு முதியவர் இருக்கும் வரையே அக்கல் வேலிக்கல்லாகவோ படிக்கல்லாகவோ மாறாமல் நிற்கும்.

செய்யத்தக்கவை

தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு பணியை முன்மொழிகிறேன். ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலை அல்லது குன்றைத் தெரிந்துகொள்க. அதற்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என எம்மொழியில் வழங்கினும், ஒன்றும் விடாமல் எழுதுக. கதை கூறும் முதியவரின் வயது, ஊர், தாய்மொழி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அவர் இசைவோடு அவர் கூறியவாறே கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்க. ஒரே கதையை வேறொரு சமயத்தவரும் வேறொரு தெருவினரும் எவ்வாறு கூறுகின்றனர் என்பதையும் கேட்டு எழுதுக. கதையைத் திருத்த வேண்டா, அழகுபடுத்த வேண்டா. நூல்களிலும் கல்வெட்டுகளிலும் கிடைக்கும் செய்தியைத் தனிப்பக்கத்தில் எழுதுக. இரண்டையும் ஒன்றோடொன்று கலத்தல் கூடாது. நடுகல், ஓவியம், பழைய கட்டுமானம் ஏதேனும் காணின் தொடாமல் படமெடுத்து, இருக்குமிடம் குறித்து, தொல்லியல் துறைக்கும் அரசு அருங்காட்சியகத்திற்கும் தெரிவிக்க.

ஆசிரியப் பெருமக்கள் இத்தொகுப்பைத் துறை நூலகத்தில் பேணுதல் வேண்டும். பட்டப்படிப்பின் திட்டக் கட்டுரைக்கும் முனைவர் பட்ட ஆய்வுகளுக்கும் இதனினும் நல்ல மூலப்பொருள் கிடைத்தல் அரிது. சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் தங்கள் வாயிலில் வந்து நின்றால், “இதெல்லாம் எதற்குத் தம்பி?” என்று திருப்பி அனுப்பாதீர்கள். அமரச் செய்து சொல்லுங்கள். தங்கள் பாட்டனார் சொன்னது தங்களோடு நின்றுவிட்டால், அதனை மீட்டுத் தர எந்தப் பல்கலைக்கழகத்தாலும் இயலாது.

இம்மலையைக் கிருஷ்ணகிரி என்று அழைப்பவர் ஓர் அரசனையோ கரும்பாறையையோ நினைக்கிறார். சையத் பாஷா மலை என்று அழைப்பவர் ஓர் இறைநேசரை நினைக்கிறார். இரண்டையும் அறிந்தவனே இம்மலையை முழுமையாக அறிந்தவன். அத்தகைய இளைஞர்களை நம் கல்லூரி உருவாக்க வேண்டும். முயல்வோம், இன்ஷா அல்லாஹ், முடிப்போம்.